புதிதாகவே திரும்பி வந்த சைக்கிள்

மெஹருன்னிசா அக்கா இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. போட்டவரைக் கூப்பிட்டு, "யார் சொன்னாங்க? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் பார்த்திருக்கவில்லை. அக்காவின் எண்ணுக்கே அடித்தேன். மகள் எடுத்தாள். "அம்மா காலைத் தொழுகைக்கு எந்திரிக்கலக்கா," என்றாள். அதற்கு மேல் விசாரிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஓசூரில் எங்கள் சிறப்புப் பள்ளிக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். அக்கா அங்கே பிசியோதெரபிஸ்ட், நான் ஆசிரியை. நடக்க முடியாத குழந்தைகளுக்கான மூன்று சக்கர சைக்கிள்களை, ஒரு குழந்தை வளர்ந்ததும் திரும்ப வாங்கி, சீட்டையும் பெடலையும் மாற்றி இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியவர் அவர்தான். அங்கே வந்துபோன உங்களில் சிலருக்கு அவர்மேல் கோபமும் இருந்திருக்கும். யாரையும் எளிதில் நம்பமாட்டார். தமிழில் கேட்டதையே சற்று நேரம் கழித்துத் தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்டு, பதில் மாறுகிறதா என்று பார்ப்பார்.

ஒரு கம்பெனியிலிருந்து புது சைக்கிள்கள் தருவதாக வந்து, மேடை, பேனர் எல்லாம் பேசி முடித்தார்கள். "எல்லாம் ஒரே சைஸா சார்?" என்றார் அக்கா. ஆமாம் என்றார்கள். "அப்ப ஒரே சைஸ்ல குழந்தைங்களையும் நீங்களே கொண்டாந்துடுங்க." விழா நடக்கவில்லை. அளவெடுத்து அனுப்பிய பிறகு, சத்தமில்லாமல் சைக்கிள்கள் வந்தன.

போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கீர்த்தனா என்ற சிறுமியின் சைக்கிளை அவள் அப்பா கொண்டுவந்தார். "பாப்பா வளந்துடுச்சிங்க, பத்தல," என்று இறக்கிவைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். சைக்கிள் பளபளவென்று இருந்தது. துடைத்தால் போதும், அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு மகிழ்ச்சி. அக்கா குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"இந்த டயரு மண்ணையே பாக்கல, கலா. ஒரு வருசம் ஓட்டுன வண்டியா இது? புள்ளைய வெளியவே விடாம வெச்சிருக்கறாங்க."

மறுநாளே கிளம்பினோம். நேராக வீட்டுக்குப் போகாமல், எதிரில் இருந்த கடையில் சோடா வாங்கிக்கொண்டே, "அந்த வீட்டுப் பாப்பா சைக்கிள் ஓட்டுமா?" என்று அக்கா சாதாரணமாகக் கேட்டார். "அந்தப் புள்ளயா? வெளிய பாத்ததே கம்மிங்க," என்றார் கடைக்காரம்மா. சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு அக்கா தெருவைக் கடந்தார்.

கீர்த்தனாவின் அம்மா எங்களைப் பார்த்ததும் டீ போட்டு எடுத்துவந்தார். அக்கா உட்காரக்கூட இல்லை. "நாலு பேரு பாத்தா வெக்கம்னு உள்ளயே வெச்சிருக்கறீங்களா? உண்மையச் சொல்லும்மா."

அந்த அம்மா மகளின் வலது கால் சாக்ஸைக் கழற்றினார். கணுக்காலைச் சுற்றிக் கருத்த தழும்பு. பெடலில் கால் நழுவாமல் கட்டும் பெல்ட் அறுத்த இடம். பேச்சு வராத பிள்ளை. வீட்டுக்குள்ளேயே ஓட்டிப் பழக்கியபோது அவள் அழுததைப் பயம் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். புண்ணைப் பார்த்த பிறகு சைக்கிளில் உட்காரவைக்கவே இல்லை.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சும்மா குடுத்த பொருளுங்க. குறை சொன்னா அடுத்தது தர மாட்டீங்கன்னு அவருதான் சொல்ல வேணாம்னுட்டாருங்க. பத்தலன்னு சொன்னதும் அதுக்குத்தாங்க."

அந்த பெல்ட்டை அளந்து பொருத்தியது அக்காதான். அவர் தரையில் உட்கார்ந்து கீர்த்தனாவின் காலை மடியில் வைத்துக்கொண்டார். டீயை யாரும் தொடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் குந்தாரப்பள்ளி தாண்டிய பிறகு அக்கா சொன்னார்: "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். என் கையை மட்டும் நம்பிட்டேன் பாரு."

அந்த சைக்கிளின் பெல்ட்டை எடுத்துவிட்டு, உள்ளே மெத்தை வைத்த ஷூ ஒன்றைப் பெடலோடு பொருத்தினார். அதற்குள் தன் கையை விட்டுப் பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் போதும் என்றபோதும் நிறுத்தவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன சைக்கிளைப் பார்த்ததுமே கீர்த்தனா அழுதாள். அக்கா கட்டாயப்படுத்தவில்லை, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி மறுபடி போனார். ஒருநாள் அவளே கையை நீட்டினாள். தூக்கி உட்காரவைத்தோம். பெடல் அரைச் சுற்று சுற்றி நின்றது, பிறகு முழுச் சுற்று. கடைக்காரம்மா வியாபாரத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நின்றார்.

அதன் பிறகு அக்கா எந்தக் குழந்தையிடமும் "வலிக்குதா?" என்று கேட்டதில்லை. "அப்படிக் கேட்டா பெத்தவங்க முந்திக்கிட்டு இல்லம்பாங்க. எங்க வலிக்குதுன்னு கேளு. வலி இருக்குதுன்னே வெச்சிக்கிட்டு கேளு," என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் ஒரு பையனுக்கு சைக்கிள் பொருத்தினோம். "எல்லாம் சூப்பரா இருக்குதுங்க மேடம்," என்று அவன் அப்பா கும்பிட்டார். நான் அவரை நம்பவில்லை, பொருத்திய என்னையும் நம்பவில்லை. பையனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "எங்க வலிக்குது, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் ஒருமுறை அப்பாவைப் பார்த்தான். பிறகு கையை மெதுவாக முதுகுப் பக்கம் கொண்டுபோனான்.