கோட்டுக்கு இடப்பக்கம்: டெவன்போர்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

1988 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் நானும் லின்ஃபீல்டிலிருந்து பஸ்ஸும் படகும் ஏறி டெவன்போர்ட்டுக்குப் போய் வந்தோம். நம்மவர்களுக்குள் சுற்றும் இந்த ரோனியோ இதழில் போன முறை வந்த ரோட்டருவாப் பயணத்தைப் படித்த பிறகுதான் நானும் எழுதலாம் என்று தோன்றியது. அவர்கள் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்து வந்தார்கள். நாங்கள் பார்த்தது வேறு.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டோம் என்று இரண்டு வீடுகளில் கதைத்தார்களாம். மாறவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விளக்கேற்றுகிறோம், மரக்கறிதான் சாப்பிடுகிறோம். கதைத்தவர்கள் அம்மாவையே கேட்டிருக்கலாம். நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு நியூ லின்னில் தையல் தொழிற்சாலைக்குப் போகிறவள். நாலு பேர் முன்னால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன்.

தம்பி பிரணவன் இரண்டு வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவனுக்கு நாலு வயது. பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியைப் பார்க்க ஐவி என்ற வெள்ளைக்கார அம்மா ஒருவர் வருவார். எழுபது வயதிருக்கும். அவர்தான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் அங்கே குழந்தையாகவே இருந்துவிட மாட்டான். வளருவான். அங்கே ஒரு தாய் அவனைத் தன் பிள்ளையாக வளர்ப்பாள்" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான்தான் தமிழில் சொன்னேன். மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா அன்றைக்கு ஒரு கோப்பை தேநீர் குடித்தார்.

ஐவி சேர்ந்திருக்கும் சபை ஸ்வீடன்போர்க் என்பவர் இருநூறு வருடத்துக்கு முன் எழுதிய புத்தகங்களைப் பைபிளோடு சேர்த்துப் படிக்கும் சபை. இறந்தவர்கள் மூன்றாம் நாள் கண் விழிப்பார்கள், நேசித்த கணவனும் மனைவியும் அங்கேயும் சேர்ந்திருப்பார்கள், எந்த மதத்தவராக இருந்தாலும் நல்லபடி வாழ்ந்தவருக்குச் சொர்க்கம் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்துபோன குழந்தைகள் அத்தனை பேரும் நேரே சொர்க்கத்துக்குத்தான். அம்மா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அங்கே போவது இதற்காகத்தான். ஒவ்வொரு ஜூனிலும், தம்பி பிறந்த மாதம் என்பதால், ஓர் அளவு பெரிய சட்டை என்னைத் தைக்கச் சொல்லி, அந்தச் சபையில் ஏழைப் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் பெட்டியில் போடுவார். இந்த முறை ஆறு வயது அளவு. நீலக் கோடு, கழுத்துப்பட்டியோடு.

இனி வழி. ஞாயிற்றுக்கிழமை பஸ் மணிக்கு ஒன்றுதான். எங்கள் தெரு முனையில் 8.40. நகரத்துக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர், ஒருவருக்கு 2 டொலர் 20 சதம். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை. "இந்தக் குளிருக்க படகில ஏறப் போறியள். தாயும் மகளும் நல்ல சோடி" என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவர் பிஜிக்காரர். அம்மாவின் கையில் வடைப் பாத்திரம், என் கையில் புடவைப் பை. "சர்ச்சா, கல்யாணமா?" என்றார். நான் காசை நீட்டினேன். "வடை வாசம் வருது, கல்யாணம்தான்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

9.25க்குத் துறைமுகப் பக்கம் இறங்கினோம். ஞாயிறு என்பதால் கடைகள் பூட்டு. தேநீர் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்கில் கொண்டு போங்கள். படகு 10 மணிக்கு. போக வர ஒருவருக்கு 4 டொலர். பன்னிரண்டு நிமிடத்தில் அக்கரை. மேல்தட்டில் காற்று காதை அறுக்கும், பிள்ளைகளைக் கீழே இருத்துங்கள். பாலத்தையும் நகரத்தையும் பார்க்க வேண்டுமென்றால் இடது பக்க ஜன்னல். இறங்கியபின் கடைத்தெரு வழியே மேட்டில் பதினைந்து நிமிட நடை.

அந்தச் சபையின் கோயில் மரத்தால் கட்டியது, வெள்ளைப் பூச்சு. கப்பலில் வந்த நாலைந்து குடும்பங்கள் புத்தகப் பெட்டியோடு வந்து, முதலில் வீட்டு முன்னறையில் வாசித்து, பிறகு தாங்களே மரம் அறுத்துக் கட்டியதாம். பிள்ளைகளோடு சேர்த்து அன்றைக்கு இருபத்தாறு பேரை எண்ணினேன். வர முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்குப் போதகர் தன் பிரசங்கத்தை கசெட்டில் பதிந்து தபாலில் அனுப்புகிறார். ஒருவர் கேட்டு முடித்ததும் கூடவே வரும் தாளில் தன் பெயரை வெட்டிவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒரே கசெட் எங்கோ மலைக்குள் ஆட்டுப் பண்ணை வரை போய்த் திரும்புகிறது. எனக்கு இது பிடித்திருந்தது. ஆராதனை தொடங்கும்போது பீடத்தில் பைபிளை விரித்து வைப்பார்கள், முடிந்ததும் மூடுவார்கள். விரிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அம்மாவும் நிற்பார். எங்களுடைய புராண ஏட்டுக்கும் நாங்கள் அந்த மரியாதைதானே செய்கிறோம்.

ஜூன் 19 அவர்களுக்குப் பெருநாள். இயேசு தம் பன்னிரண்டு சீடர்களையும் மறு உலகம் முழுவதும் செய்தி சொல்ல அனுப்பிய நாள் என்று கொண்டாடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்து மேடையில் அந்தக் காட்சியை வேஷம் கட்டி அசையாமல் நின்று காட்டுவார்கள். அதை ஒவ்வொரு வருடமும் நடத்துவது ஐவிதான். நாங்கள் அதை முன்பு பார்த்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன் அவர் தொலைபேசியில், "உன் அழகான புடவை ஒன்றைக் கொண்டு வா, டியர். நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், நின்றால் போதும்" என்றார். பேச வேண்டாம் என்றதும் ஒத்துக்கொண்டேன். அம்மா தன் கல்யாணக் கூறைப்புடவையையே பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். முதல் நாள் இரவு அதை அவரே அயர்ன் பண்ணினார்.

12.45க்கு ஒத்திகை. மேடையின் நடுவில் சோக்குக்கட்டியால் ஒரு கோடு. வலப்பக்கம் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு, கையில் விளக்கு. இடப்பக்கத்து பல்புகளைக் கழற்றியிருந்தார்கள். ஐவி என்னை இடப்பக்கம் கூட்டிப் போய், கூறைப்புடவைக்கு மேல் ஒரு மண்ணிறக் கம்பளியைப் போர்த்தி, "முழங்காலில் இரு. முகத்தைக் கொஞ்சம் மூடிக்கொள். சீடர் வந்து விளக்கை உயர்த்தும்போது கம்பளியை விட்டுவிட்டு அவரைப் பார். அப்போதுதான் அந்தச் சிவப்புப் பட்டு பளிச்சென்று தெரியும்" என்றார்.

"நான் யார்?" என்று கேட்டேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

"இருளில் இருக்கும் ஜனங்கள், டியர். நீ அதற்கு எவ்வளவு பொருத்தம்!"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

கம்பளியோடு சமையலறைப் பக்கம் போனேன். போகும் வழிச் சுவரில் பழைய வருடங்களின் காட்சிப் படங்கள் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்குகின்றன. முன்பு இரண்டு முறை அந்த வழியால் போயிருக்கிறேன், பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொரு படம். வலப்பக்கம் எப்போதும் வெள்ளை உடுப்பு. இடப்பக்கம் ஒரு படத்தில் மாவோரிப் பெண். இன்னொன்றில் தீவுகளிலிருந்து வந்த ஒரு பையன். ஒன்றில் சீனச் சிறுமி. யாரும் கிடைக்காத வருடங்களில் வெள்ளைக்காரப் பிள்ளை முகத்தில் கரி. படங்களுக்குக் கீழே சீடர்களாகவும் வலப்பக்கத்திலும் நின்றவர்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன. இடப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை.

எந்த மதத்தவருக்கும் சொர்க்கம் உண்டு என்று காலையில் பீடத்திலிருந்து வாசித்தார்கள். அந்தப் பீடத்துக்கும் இந்தச் சுவருக்கும் இருபது அடி தூரம்.

அம்மா சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கம்பளியைப் பார்த்ததும், "குளிருதே பிள்ளை?" என்றார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதா மறைப்பதா என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இவர்கள் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். அவர்கள் சொல்வதெல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகிறது. நான் மறைத்தால் அவருக்குத் தெரியவே வராது. ஆனால் அது அவருடைய கூறைப்புடவை. அதன்மேல் அவர்கள் எதைப் போர்த்தியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். படங்களையும் கூட்டிப் போய்க் காட்டினேன்.

அம்மா ஈரக் கையைத் துடைத்தார். கதிரையில் தம்பியின் சட்டை இருந்த பையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். போதகரும் ஐவியும் மேடைக்குக் கீழே நின்றார்கள். சீடராக நடிக்கும் குழாய் வேலைக்காரர் ஒருவர் ஒட்டுத்தாடியோடு வடை தின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார் அம்மா. பிறகு போதகரைப் பார்த்தார். "என்ர மகன் அங்க வளருறான் எண்டு சொன்னனீங்கள். அவன் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கிறான்?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

போதகர் நல்ல மனிதர். கோட்டைப் பார்த்துவிட்டு, "வெளிச்சத்தில். அதில் சந்தேகமே இல்லை" என்றார்.

"அவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கேல்லை."

"தேவையில்லை. ஒரு குழந்தைக்கும் தேவையில்லை."

"அப்ப அவன்ர அக்காவுக்கு ஏன் இருட்டு?"

போதகர் வாய் திறக்குமுன் ஐவி முந்திக்கொண்டார். "இது வெறும் காட்சிதானே, டியர். உங்களை யாரும் குறிக்கவில்லை. எப்போதும் இப்படித்தான் செய்கிறோம். அங்கே யாராவது நிற்கத்தானே வேண்டும்?"

"அப்ப நீங்களே நில்லுங்கோவன்."

ஐவியின் முகம் சிவந்தது. "நானா? நான் இந்தச் சபையிலேயே பிறந்தவள்."

அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. என் தாயிடம் இந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"நல்லது" என்றார் அம்மா. "நீங்கள் இங்க பிறந்தனீங்கள். என்ர மகன் அங்கயே வளருறவன்."

இதையும் சொன்னேன். குழாய் வேலைக்காரர் வடையைத் தட்டில் வைத்தார். பிறகு போதகர் குனிந்து என் தோளிலிருந்த கம்பளியை எடுத்து, வலப்பக்கத்துப் பிள்ளைகளைச் சற்று நெருங்கி நிற்கச் சொன்னார். ஒரு சிறுமி தன் விளக்கை எனக்குத் தந்துவிட்டு வேறொன்று எடுத்து வந்தாள். ஐவி எங்களைப் பார்க்காமல், "மேடை ஒரு பக்கம் சரிந்தது போல இருக்கப் போகிறது" என்று மட்டும் சொன்னார். இடப்பக்கம் நிற்க யாராவது வருகிறீர்களா என்று போதகர் கேட்டார். இருபத்தாறு பேரில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. அப்படியென்றால் இது வெறும் காட்சிதானே என்று ஐவி ஏன் சொன்னார்?

1.30க்குக் காட்சி தொடங்கியது. சீடருக்கு வேறு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் வழக்கம்போல விளக்கோடு கோட்டைத் தாண்டிப் போய், யாருமில்லாத இருட்டில் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுக்கும்வரை அசையக் கூடாது. அவர் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. முன்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது.

புறப்படும்போது அம்மா வாசலில் இருந்த பெட்டிக்குப் போய்ச் சட்டையைப் போட்டார். எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவுக்குப் பிறகுமோ அம்மா?" என்றேன்.

"சட்டை அவனுக்கு" என்றார். "இவையளுக்கில்லை."

3 மணிப் படகு, 3.35 பஸ். நாலரைக்கு முன் வீட்டில் இருந்தோம். இரண்டு பேருக்கும் மொத்தம் 16 டொலர் 80 சதம். பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருங்கள், படகுக்கு முன்பதிவு தேவையில்லை. ஐவி இன்னும் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வேன் என்று தெரியாது. அவர் ஆஸ்பத்திரியில் சொன்னது உண்மைதான் என்று அம்மா நினைக்கிறார். சொன்னவருக்குத்தான் அதில் முழு நம்பிக்கை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

எங்களைப் பற்றிக் கதைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோடு போடுவது டெவன்போர்ட்டில் மட்டும் நடப்பதில்லை. அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு வந்து கதையுங்கள். தேநீர் தருவோம்.

சபையின் பெயரை அம்மா எழுத வேண்டாம் என்றதால் விட்டிருக்கிறேன். படகுத்துறைக்கு மேலே மேட்டில், வெள்ளை மரக்கோயில் என்று கேட்டால் காட்டுவார்கள். மண்டபத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் வலது சுவரைப் பாருங்கள். பன்னிரண்டாவது படத்தையும் மாட்டிவிட்டதாகப் போதகர் கடிதம் போட்டிருக்கிறார். சிவப்புப் பட்டில் விளக்கோடு நிற்பது நான். கீழே என் பெயரும் இருக்கிறதாம். கோட்டுக்கு இடப்பக்கம் யாரும் இல்லை.