கவர் கொளுத்தாத அடுப்பு

இன்று காலை பெரம்பலூரில் என் வாடகை வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா குப்பையைக் கொளுத்தினார். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். "செத்த நேரப் புகைக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்று முறைத்தார்.

அவருக்கு எங்கள் கிராமத்து வீட்டைத் தெரியாது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அங்கே பருத்தி எடுத்தபின் காய்ந்த செடியான பருத்திமார்தான் விறகு. மழையில் அது நமுத்துப்போனால் அம்மா பாலித்தீன் கவரைக் கொளுத்தி அடுப்பைப் பற்றவைப்பாள். அந்தக் கறுப்புப் புகையில், தூளியில் கிடக்கும் என் தங்கைக்கு மூச்சு கீச்சுக்கீச்சென்று இழுக்கும்.

எங்கள் குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். "அந்தப் புகை விஷம்மா, பாப்பாவுக்கு ஆவாது. எங்க பாடத்துல இருக்கு" என்றேன்.

"அடுப்புக்கே டீச்சராயிட்டியாடி? அப்பா பட்டினியா வேலைக்குப் போவட்டுமா?" என்றாள் அம்மா.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கிளம்பிய அப்பா, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தார். "மழை விடுறவரைக்கும் எனக்கு இதுவே போதும். கவரத் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகளை அன்று கவரில்லாமல் ஊதி ஊதிப் பற்றவைத்த அடுப்பின் சூட்டில் அடுக்கிக் காயவைத்தாள். மறுநாள் அவை ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டன. "போயி உங்க டீச்சர்ட்ட சொல்லு, எங்கம்மாவுக்கும் தெரியும்னு" என்றாள்.

தங்கையின் இழுப்பு உடனே நிற்கவில்லை. தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம்தான் அவள் சத்தமில்லாமல் தூங்கினாள். அந்த அமைதி பழகாத அம்மா, சமையலை விட்டுவிட்டு அடிக்கடி வந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.