பிஸ்டன் தலையில் களிமண்

என்ஜின் பிரித்து மாட்டுகிற தொழிலில் ஒரு நியதி உண்டு: வண்டி பறந்தால் அது ஓட்டுகிறவரின் திறமை, நின்றுபோனால் அது மெக்கானிக்கின் கைராசி. தையல் மெஷினோ தண்ணீர் மோட்டாரோ, எதையாவது பிரித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்குப் பங்காளிகள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

என் ஷெட் புத்தூரில், நகரி போகும் ரோட்டோரம் இருக்கிறது. இந்த வேலையை எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. கெட்டுப்போன என்ஜின்கள்தான், ஒவ்வொன்றாக வந்து, கற்றுத்தந்துவிட்டுப் போயின.

சப்பாத்தி மாவு

பைக் என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அதன் தலைக்கு மேலே இரண்டு வால்வுகள். ஒன்று காற்றை உள்ளே விடும், மற்றது புகையை வெளியே விடும். கேம் ஷாஃப்ட் என்கிற தண்டு சுற்றும்போது அதிலுள்ள மேடு வால்வைக் கீழே தள்ளித் திறக்கிறது. வேகம் வேண்டும் என்பவர்கள் மேடு பெரிதான கேமை வாங்கி மாட்டச் சொல்வார்கள். மேடு பெரிதானால் வால்வு இன்னும் கீழே இறங்கும், இறங்கிய இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பிஸ்டன் மேலே வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், வால்வு வளைந்துவிடும். அதனால் மாட்டுவதற்கு முன்னால் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண்ணைத் தட்டி வைத்து, வால்வுகள் இருக்கிற மூடியான ஹெட்டை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றிவிட்டு, மறுபடி கழற்ற வேண்டும். வால்வு அழுத்திய இடத்தில் களிமண் எவ்வளவு தடிமன் மிச்சமிருக்கிறதோ, அவ்வளவுதான் இடம்.

முதல்முதல் இதைச் செய்தபோது எந்தக் களிமண் என்று தெரியவில்லை. என் மனைவி சரோஜா சப்பாத்திக்குப் பிசைந்து மூடி வைத்திருந்த மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். சுற்றிக் கழற்றினால், பாதி மாவு வால்வோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. மீதி நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல உப்பி எழுந்தது. எழுந்துவிட்ட மாவை அளந்து என்ன பயன்? குழந்தைகள் விளையாடுகிற கலர் களிமண்தான் சரி, வால்வில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் ஒட்டாது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. சரோஜா இப்போது இல்லை. ஆனாலும் களிமண்ணை அறுத்து அளவு பார்க்கும்போதெல்லாம், மாவைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தவள், பிஸ்டன் மேலிருந்ததை எட்டிப் பார்த்துக் கேட்டது ஞாபகம் வரும்:

"பூரின்னா தடியா கீது, சப்பாத்தின்னா சின்னதா கீது. இத நான் எந்தக் கணக்குல சேக்கறது?"

நாகலாபுரத்துச் சத்தியம்

பிச்சாட்டூர் தாமோதரம் ஏரித் தண்ணீரில் நெல் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். பைக்கை வேனில் ஏற்றிக்கொண்டு சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்குக்குப் போய்விடுவார். போன வருஷம் எங்கேயோ ஓர் இடத்தில் பெரிய கேமை வாங்கி, இடம் பார்க்காமலே மாட்டி, முதல் சுற்றிலேயே இரண்டு வால்வும் வளைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் ஒருமுறை விழுந்து, இடது கையில் எங்கள் ஊர் எலும்புக் கட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி ரேவதி அவரை நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலுக்கு அழைத்துப் போய், இனி ஒருமுறை வால்வு வளைந்தால் வண்டியை விற்றுவிடுவதாகச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

இந்த நிலையில்தான் இன்னொரு பெரிய கேமைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல என்னிடம் கொண்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ் இருந்தது. ரேவதியும் கூட வந்திருந்தாள். வால்வு வளைய வாய்ப்பு உண்டா என்று அவள்தான் முதலில் கேட்டாள். இடம் பார்த்து மாட்டினால் பயமில்லை என்றேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஹெட்டைக் கழற்றி, களிமண் வைத்து, மாட்டி, மறுபடி கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று சொன்னதும், இந்தத் தொழிலில் நான் கேட்டேயிராத ஒரு கருணையோடு அவள் சொன்னாள்:

"எதுக்குண்ணா வீணா கஷ்டப்படறீங்க? பாக்காமலே மாட்டிக் குடுத்துடுங்க, ஒண்ணும் ஆவாது."

பாதிப் பிள்ளையார்

கலர் களிமண் வாங்கிவரத் தாமோதரத்தை அனுப்பினேன். விநாயக சவிதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். போனவர், ரோட்டோரம் பிள்ளையார் செய்துகொண்டிருந்தவரிடம் கேட்டு, இரண்டு கை நிறைய ஏரி மண்ணோடு வந்து நின்றார். கடை மூடியிருந்ததா என்றால் இல்லை. விக்கினம் தீர்க்கிற சாமி ஆகப்போகிற மண் இது, இதை வைத்துப் பார்த்தால் வால்வு எப்படி வளையும் என்பது அவர் கணக்கு.

மண்ணை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றது. ஒரு மணல் பொடி உள்ளே தங்கினாலும் சிலிண்டரில் கோடு விழுந்துவிடும், வேண்டாம் என்றேன். சரி என்றார். ஆனால் மண்ணைக் கீழே போட மாட்டேன் என்றார். பாதி சாமி ஆனதைக் காலடியில் போடக்கூடாதாம். கையில் வைத்துக்கொண்டு ஷெட் முழுக்கச் சுற்றினார். கடைசியில் ஸ்பேனர் மாட்டுகிற பலகை மேல் ஓர் இடம் ஒதுக்கினேன். வைத்தவர் சும்மா இருக்காமல் தும்பிக்கையும் இழுத்துவிட்டார், கண்ணுக்கு இரண்டு பால்ரஸ் குண்டுகளையும் அழுத்தினார். பிறகு கடைக்குப் போய் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டி வாங்கிவந்து, எனக்கு ஆறுதல் போலச் சொன்னார்:

"என்ஜின் உள்ள போவாட்டி போவட்டும் மேஸ்திரி. வெளிய குந்திக்கினு பாத்துக்குவாரு."

கட்டுப் போட வந்தவர்

ஹெட்டை மாட்டி, வால்வைத் தள்ளுகிற டாப்பெட்டைச் சரியாக வைத்த பிறகு என்ஜினைக் கையால்தான் சுற்ற வேண்டும். தடுக்கிற மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். தாமோதரத்தின் கால் தானாகக் கிக்கர் பக்கம் போய்க்கொண்டிருந்ததால், முதல் வேலையாகக் கிக்கரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இதையெல்லாம் ஒரு பெரியவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப் படியில் விழுந்து கை முறிந்து, எங்கள் ஊரில் கட்டுப் போட்டுக்கொண்டு, வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர். புத்தூர் என்றால் எலும்புக் கட்டுதான். என் ஷெட் வாசலில் நிற்கிற பாதிப் பேருக்குக் கையோ காலோ மூங்கில் தப்பைக்குள்தான் இருக்கும்.

சுற்றி முடித்து ஹெட்டைக் கழற்றினேன். ரோஸ் களிமண்ணில் இரண்டு பள்ளங்கள். பிளேடால் அறுத்து அளந்தேன். காற்று வால்வுப் பக்கம் நன்றாக இருந்தது. புகை வால்வுப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இரண்டரையாவது வேண்டும். படவில்லைதானே, பிறகென்ன என்றார் தாமோதரம். இது ஆறிக்கிடக்கிற என்ஜின், கையால் ஆமை போலச் சுற்றியது. டிராக்கில் சூடேறினால் வால்வு நீளும், வேகம் ஏறினால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்வதற்குள் பிஸ்டன் வந்து நிற்கும், பிஸ்டனுக்குக் காத்திருக்கிற பழக்கம் இல்லை என்று சொன்னேன். பிஸ்டன் தலையில் வால்வுக்குப் பள்ளம் வெட்டாமல் மாட்ட முடியாது. தாமோதரம் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் அறுத்த களிமண்ணையும் தன் கட்டுக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்:

"இந்த ஊருக்கு ஒடஞ்சப்பறந்தான் வருவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒடையறதுக்கு முன்னாடியும் பாப்பீங்களா? தெரிஞ்சிருந்தா படி ஏறறதுக்கு முன்னாடியே வந்திருப்பேனே."

லேத்துக்குப் பக்கத்தில் திருப்பதி

பள்ளம் வெட்டத் திருப்பதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற கங்காதரத்தை விட்டால் ஆள் இல்லை. கை சுத்தம். ஆனால் திருப்பதியில் வீடு இருக்கிறவருக்கு ஒரு கஷ்டம் உண்டு. சேர்ந்தாற்போல் லீவு வந்தால் உறவு, உறவுக்கு உறவு, பெண் எடுத்த வீட்டுக்குப் பக்கத்து வீடு எல்லாம் தரிசனத்துக்கு வந்து இறங்கிவிடும். நானும் தாமோதரமும் பிஸ்டனோடு போய் நின்றபோது, லேத்து மேல் ஈரப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. மெஷின் நடுவில், மொட்டை போட்ட இரண்டு குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடின.

கங்காதரம் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ ரூம் கேட்டுக்கொண்டே, பிஸ்டனைப் புரட்டிப் பார்த்தார். தலையில் தடிமன் போதும், தாராளமாக வெட்டலாம், ஆனால் எல்லாரும் ஊருக்குப் போகட்டும், அதுவரை லேத்து ஓடாது என்று தெலுங்கிலும் தமிழிலுமாகச் சொன்னார். தாமோதரம் கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்றார். புடவையை நானே மடித்து வைக்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கங்காதரம் குழந்தைகளைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பிஸ்டனைத் திருப்பி என் கையில் வைத்தார்:

"ஏம் சேஸ்தாம்ண்ணா, என்ன பண்றது? மலை மேல இருக்கற சாமிய ஒரு நிமிஷம் பாக்கறாங்க. மிச்ச நேரமெல்லாம் என்னத்தான் பாக்கறாங்க."

இரண்டு தேங்காய்

ஷெட்டுக்குத் திரும்பியதும் தாமோதரம் அடி போட்டார். பிஸ்டனை அப்படியே போட்டுப் பெரிய கேமை மாட்டிக்கொடுங்கள், ஒரே ஒரு ரேஸ், மெதுவாக ஓட்டுகிறேன் என்றார். ரேஸில் மெதுவாக ஓட்டுகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். முடியாது என்றேன். சத்தியம் வாங்கிய ரேவதி என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், அவர் ஆசைப்படுகிறார், மாட்டிக்கொடுத்துவிடுங்கள் என்று அவளும் சேர்ந்துகொண்டாள். கணவன் முகம் வாடப் பொறுக்காத பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பழைய கேமைத்தான் மாட்டினேன். தாமோதரம் போய், எல்லாருக்கும் பின்னால் வந்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

லீவு முடிந்து, புடவை காய்ந்து, கங்காதரம் பள்ளம் வெட்டிக்கொடுத்தார். மறுபடி களிமண் வைத்துச் சுற்றினேன். புகை வால்வுப் பக்கம் இரண்டரைக்கு மேலேயே இருந்தது. பெரிய கேமை மாட்டி அனுப்பினேன். அடுத்த ரேஸில் தாமோதரம் சின்னதாக ஒரு கோப்பை வாங்கிவிட்டார். கோப்பையைப் பலகை மேல் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார், லட்டுப் பெட்டியைப் பிரித்தார். நாகலாபுரத்துச் சாமிக்கு வேண்டிக்கொண்ட தேங்காயை வரும் வழியிலேயே உடைத்துவிட்டாராம்.

ரேவதி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். இனிமேல் வளையாதும்மா, நிம்மதியாக இரு என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பேசி முடிக்கும்வரை தாமோதரம் வாயில் போட்ட லட்டை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவள் கோபமாகச் சொல்லவில்லை, வீட்டு வேலை சொல்வது போலத்தான் சொன்னாள்:

"நானும் அதே சாமிக்குத்தாண்ணா தேங்கா வேண்டிக்கினேன், இன்னொரு தபா வளையணும்னு. வால்வு வளைஞ்சா வண்டிதான் போவும். இவரு வளைஞ்சா நான் யார்கிட்ட தூக்கிக்கினு போவேன்? நல்லா வளைய வேண்டியது, நீங்க களிமண்ண வச்சி கெடுத்துட்டீங்க."

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதைக் களிமண் காட்டிவிடும், ஆனால் ஒரே சாமியிடம் புருஷன் வைத்த வேண்டுதலுக்கும் பெண்டாட்டி வைத்த வேண்டுதலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று காட்டுகிற களிமண் எந்த நிறத்திலும் புத்தூர்க் கடைகளுக்கு இன்னும் வரவில்லை.