யார் மடியில் காது குத்துவது?

என் கணவரின் முதல் மனைவி இறந்தபின் நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அந்தக் கோபத்தில், பூவம் ஊரிலிருக்கும், இறந்துபோன மூத்தவளின் அண்ணன் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. மூத்தவளின் மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும், “உன் தம்பி மடியில உக்கார வைப்போம்,” என்றார் கணவர். தாய்மாமன் இருக்க அது தப்பு என்றேன். சண்டை முற்றி, காரைக்காலில் ஒரு குடும்ப ஆலோசகரிடம் போனோம்.

“பிள்ளைகிட்ட கேட்டீங்களா?” என்றார் அவர்.

வெளியே இருந்தவளை அழைத்துக் கேட்டேன்.

“மாமா வந்தா அப்பா கோவிச்சுக்குவாங்க. உங்க தம்பி மடியில உக்காந்தா, சாமிகிட்ட இருக்குற அம்மா கோவிச்சுக்குவாங்க. எனக்குக் காதே குத்த வேணாம், அம்மா!”

இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அதுவரை நான் அவளுக்குச் சித்திதான். அம்மா என்று அவள் என்னைக் கூப்பிட்டதற்குச் சந்தோஷப்படக்கூட என்னால் முடியவில்லை.