சொடக்குக்குத் திரும்பாத நீர்நாய்

சிதம்பரத்தில் ஜோதிலட்சுமி போட்டோ ஸ்டுடியோ வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காதுகுத்தில் அழுகிற குழந்தை கேமராவைப் பார்க்க வேண்டுமானால் தரையோடு தரையாகப் படுத்து ஒரு சொடக்குப் போடுவார். கன்னத்தில் கண்ணீர் நிற்க, குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும். அந்தப் படம்தான் வீட்டுச் சுவரில் தொங்கும்.

முகூர்த்தம் இல்லாத நாளில் பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். கொக்கு, மீன்கொத்தி எல்லாம் எடுத்தாகிவிட்டது. சிக்காதது நீர்நாய். நான்கு வருஷத்தில் முதுகும் வாலும்தான் கிடைத்தன. அதன் கண் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும் அவருக்கு.

போன மார்கழியில் கடலூர் ஸ்ரீதர் தன் பெரிய லென்ஸை ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் கொடுத்தார். அவரும் கல்யாணப் படம் எடுப்பவர்தான். "மத்தியானம் நான் சிதம்பரத்துல ரயில் ஏறணும்க்கா, அதுக்குள்ள குடுத்துடு. கபினிக் காட்டுல ஜீப்புல சுத்திப் புலி எடுக்கப் போறேன்."

துடுப்புப் படகுக்காரர் கலியபெருமாள் ஓசையில்லாமல் சுரபுன்னை மரங்களுக்குள் படகைச் செலுத்தினார். எட்டு மணி வெயிலில், தூரத்துச் சேற்றுமேட்டில் ஒரு நீர்நாய் குனிந்து மடவை மீனைத் தின்றுகொண்டிருந்தது. முகம் மட்டும் தெரியவில்லை. ஜோதிலட்சுமியின் கை தன்னால் உயர்ந்து சொடக்குப் போட்டது.

தண்ணீரில் வட்டம் மட்டும் மிஞ்சியது.

"ஏம்மா, அது என்ன காதுகுத்துப் புள்ளையா?" என்றார் கலியபெருமாள். "எம்பொண்ணு கல்யாணத்துல நீ போட்ட சொடக்குல மாப்புள்ளயே எழுந்து நின்னுட்டாரு. இது நிக்குமா?"

ஜோதிலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாலு வருஷம்ண்ணே."

"திரும்பிடலாமா?"

"வேணாம். பந்தியில உக்காந்தப்புறம்தான் ஜனங்க கேமராவ மறப்பாங்க. இதுவும் மறக்கட்டும். படகக் கட்டுங்க."

படகை வேரில் கட்டினார்கள். ஜோதிலட்சுமி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பத்து மணி தாண்டியது. கை மரத்துப்போனது. கொசு கடித்தது, அடிக்கவில்லை. கலியபெருமாளுக்கு இருமல் வந்தது, துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

வந்தது ஒன்றல்ல. தாயும் இரண்டு குட்டிகளும், படகிலிருந்து எட்டடி தூரத்தில் கரையேறின. பெரிய லென்ஸ் அவ்வளவு கிட்டத்தில் தடுமாறியது, எல்லாம் மங்கல். அவர் பதறவில்லை. அதை மெல்லப் படகுத் தரையில் இறக்கிவிட்டு, பையிலிருந்து காதுகுத்துக்குக் கொண்டுபோகும் பழைய கேமராவை எடுத்தார். படகின் விளிம்போடு சாய்ந்து, குழந்தைக்குப் படுப்பது போலவே தண்ணீர் மட்டத்துக்குப் படுத்தார். சொடக்கு இல்லை. மூச்சுக்கூட இல்லை.

தாய் தானாகத் தலை நிமிர்த்தியது. மீசையில் நீர்த்துளிகள், கண்ணில் வெயில்.

ரயிலடியில் ஸ்ரீதர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாத்தியாக்கா, நம்ம லென்ஸ் வேலயக் காட்டிடிச்சி."

"உன் லென்ஸ் படகுல தூங்கிச்சு. இது காதுகுத்து லென்ஸ்ல எடுத்ததுப்பா. படுத்துக்கிட்டு."

ரயில் நகர்ந்த பிறகு ஜன்னலிலிருந்து ஸ்ரீதர் கத்தினார்: "யக்கா! ஜீப்புல எப்பிடிப் படுக்கறது?"