மெஷினுக்குப் போடாத உப்பு

என் மனைவிக்கு விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சோப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினேன்.

முதல் வாரமே, "இதுக்குன்னு தனி உப்பு இருக்காம், வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"ஏட்டி, டம்ளரை ஊறுகா போடப்போறியா?" என்று சிரித்தேன். வாங்கவில்லை.

கோவில்பட்டித் தண்ணீரைச் சொல்ல வேண்டுமா? டம்ளரெல்லாம் வெள்ளை படிந்து வந்தது. "மெஷின் இருந்தும் ஒழுங்கா கழுவத் தெரியல" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கத்தினேன். அதன்பின் அவள் மெஷினிலிருந்து எடுத்ததை எல்லாம் புளி போட்டுக் கையால் மறுபடி தேய்த்தாள். வெடிப்பு ஆறவே இல்லை.

போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டாள். அன்றைக்கும் விரலில் களிம்பு இருந்தது.

சென்ற வாரம் மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக் அடியில் ஒரு மூடியைத் திறந்தார்.

"அண்ணாச்சி, உப்பே போடலையா? தண்ணியில உள்ள சுண்ணாம்பை எடுக்க உள்ள ஒரு பாகம் இருக்கு. உப்பு இல்லேன்னா அது வேலை செய்யாது. யார் கழுவுனாலும் வெள்ளை படியத்தான் செய்யும்."

உப்பு போட்டதும் டம்ளர் பளிச்சென்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு பாக்கெட் உப்பு வாங்கித் தர எனக்குத் துப்பில்லை. வாய் மட்டும் இருந்தது.