கோட்டுப் போட்ட கிராம்பு வியாபாரி

மாத்தளையில் அப்பா நடத்தும் மிளகு, கிராம்புக் கடையைக் கொழும்புவரை தெரிய வைக்கலாம் என்று, வியாபாரிகள் பழகுகிற இணையத்தளம் ஒன்றில் சேர்ந்தேன். கோட்டுப் போட்ட ஏற்றுமதியாளர் ஒருவர் கிடைத்தார். ஆங்கிலத்தில் மிக மரியாதையாக எழுதிக்கொண்டோம். பிறகு வீடியோ கோலில் சந்திக்க முடிவாயிற்று.

"குட் மோர்னிங்" என்றார் அவர். அதே குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது. நான் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன்.

தராசடியில் இருந்த அப்பா சத்தம் போட்டார்.

"என்னடா செவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிற? பக்கத்துக் கடை நானாவோட புது மருமகன்தானே பேசுறாரு! டீ குடிக்க வரச் சொல்லு."

நானா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்துக் கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா மட்டும்தான் போயிருந்தார்.

மருமகன் வந்தார். மேலே கோட்டு, கீழே சாரம். நானும் டையும் சாரமுமாகத்தான் நின்றேன்.

"கிராம்பு விஷயம் பேசுவமா?" என்று கேட்டார்.

"அத நானும் நானாவும் காலையிலேயே பேசி முடிச்சிட்டோம். மூட்டையும் அங்க போயிருச்சு" என்றார் அப்பா. "நீங்க டீயக் குடிங்க."

குடித்தோம். அவர் தன் கடைக்குள் நுழைந்ததும் எனக்குச் செய்தி வந்தது: 'பயனுள்ள சந்திப்புக்கு நன்றி.'